கன்டெய்னர் சோலார்: கிலோவாட்டைக் காட்டி யூனிட்டில் ஏமாற்றிவிட்டார்கள்

வேதாரண்யம் பக்கம் குத்தகைக்கு இறால் குட்டை வைத்திருக்கிறேன், தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்றும் ஏரேட்டர் கரண்டில்தான் ஓடுகிறது. கடைமடையில் குட்டை, ஐஸ் பிளான்ட், மில் என்று கரண்டை நம்பிப் பிழைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போதிருந்தே ஜெனரேட்டரை மட்டும் நம்பக் கூடாது என்று மனதில் கிடந்தது, அதுவும் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கிறது, யூனிட்டுக்கு 30 ரூபாயை ஒட்டி வந்துவிடுகிறது.

போன தை மாதம் ஒருவர் படம் காட்டினார். "20 அடி கன்டெய்னர் சார், உள்ள லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், பேனல் கூரை மேலயே வந்துடும். 15 கிலோவாட். ராத்திரி பூரா ஏரேட்டர் ஓடும். குத்தகை முடிஞ்சா லாரில ஏத்திட்டுப் போயிடலாம்." அந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன். 11 லட்சம் பேசி ஒன்பதரை கொடுத்தாயிற்று.

முதல் ராத்திரியே பல்லைக் காட்டிவிட்டது. 2 எச்பி ஏரேட்டர் நான்கு. 10 மணிக்குப் போட்டோம், 1 மணி ஆவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. குட்டையில் விடியும் முன்தான் ஆக்சிஜன் ரொம்பக் குறையும், அந்த நேரத்துக்காகத்தான் இதை வாங்கியதே. காவலுக்குப் படுத்திருந்த பையன் சத்தம் நின்றதில் முழித்துக்கொண்டு ஜெனரேட்டரைப் போட்டான், இறால் பிழைத்தது.

அப்புறம் தெரிந்த எலக்ட்ரீசியனை வைத்துத் திறந்து பார்த்தால், 51.2 வோல்ட் 100 ஆம்பியர் பேட்டரி நான்குதான். ஒன்றுக்கு 5 யூனிட், மொத்தம் 20, அதில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 16. நான்கு ஏரேட்டருக்கு மணிக்கு 6 யூனிட் வேண்டும். அவர் சொன்ன 15 கிலோவாட் இன்வெர்ட்டரின் அளவு, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது. எத்தனை மணி நேரம் என்பது பேட்டரி யூனிட்டில் இருக்கிறது, அதைக் கொட்டேஷனில் எழுதவே இல்லை. நானும் கேட்கவில்லை, தப்பு என் மேலும்தான்.

கூரை விஷயம் இன்னும் மோசம். 20 அடிக்கு 8 அடி கூரையில் 550 வாட் பேனல் ஐந்துக்கு மேல் படுக்காது. நல்ல வெயிலில் அது கொடுப்பதே நாளுக்கு 11 யூனிட், பேட்டரியே நிரம்பாது, ஐப்பசி கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். ராத்திரிக்கு எனக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 15 கிலோவாட் பேனலாவது வேண்டும், அதற்கு 1,500 சதுர அடி இடம் வேண்டும். ஒழுங்காகச் செய்பவர்கள் பேனலைத் தரையில்தான் விரிக்கிறார்கள், பெட்டி பேட்டரிக்கு மட்டும். சித்திரை வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் கை வைக்க முடியவில்லை, சூடு ஏறியதும் பேட்டரி தானாகவே சார்ஜ் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. உள்ளே ஏசி போடுங்கள் என்கிறார்கள், அந்த ஏசி குடிக்கும் கரண்டை யார் கொடுப்பது?

பில்லில் 'சோலார் பவர் பேக் 1' என்று மட்டும் இருக்கிறது. பேட்டரி சீரியல் நம்பர் இல்லை, பத்து வருட வாரன்டிக்குக் கையில் ஒரு தாளும் இல்லை.

இப்போது விடியற்காலை 2 மணியிலிருந்து ஒரே ஒரு ஏரேட்டரை அதில் ஓட்டுகிறேன், அப்புறம் கேமரா, ஷெட் விளக்கு. விற்றவர்கள் நான் கூப்பிட்டால் போன் எடுப்பதில்லை, மீதி ஒன்றரை லட்சத்துக்கு மட்டும் அவர்களே கூப்பிடுகிறார்கள். "எத்தனை யூனிட்னு எழுதி அனுப்பு தம்பி, அப்புறம் பேசலாம்" என்றேன். இன்னும் வரவில்லை. தலைஞாயிறு பக்கம் அதே படத்தைக் காட்டிக்கொண்டு சுற்றுகிறாராம், நேற்று மச்சான் போனில் சொன்னார்.