முன் டயர் இரண்டும் புதிது என்று சொல்லி விற்றார்கள். 1,46,000 ரூபாய் போயிற்று

பழைய கார்களை வாங்கி, சோதித்து, சான்றிதழ் கொடுத்து விற்கும் ஓர் இணையதளத்தின் சேலம் கிளையில் நான் எடுத்த ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸ் எரிந்துபோய், பழுதுபார்க்க 1,46,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்று நேற்று மாலை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். மறுப்பைவிட அதற்கு அவர்கள் காட்டும் காரணம்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வண்டியின் உரிமையாளர், நின்ற இடத்திலேயே முன் சக்கரங்களைச் சுழலவிட்டு டயரைத் தேய்த்துப் புகை கிளப்பியதற்கான தடயங்கள் உள்ளனவாம். அந்த உரிமையாளர் நான்தான். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளே இருக்கின்றன. இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனவள். வழக்குத் தொடுக்கவிருப்பதால் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஆடம்பரத்திற்காக நான் ஆட்டோமேட்டிக் கார் தேடவில்லை. வீடு கன்னங்குறிச்சியில், வேலை மலைமேல், இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை மிதித்து முழங்கால் வீங்குவதைப் பார்த்த மருத்துவர், இனிமேல் மூன்று பெடல் வண்டியே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புதிய வண்டி வாங்கக் கையில் பணம் இல்லை. எஞ்சினின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை கியர் பாக்ஸ் உள்ள ஒரு பெட்ரோல் காரை 6,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்து, ஆடியில் வண்டி எடுக்க வேண்டாம் என்று மாமியார் சொன்னதால், ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுத்தோம்.

அந்தக் கிளையில் விற்பனையைப் பார்த்துக்கொண்ட இளைஞரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்த ஏமாற்று முழுவதும் அவருடைய பணிவுக்குள்தான் இருந்தது. முதல் நாளிலிருந்தே ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார். டேப்லெட்டில் சோதனை அறிக்கையைத் திறந்து, எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக், சக்கர வளைவின் (டயருக்கு மேலே கவிந்திருக்கும் பகுதி) உட்புறம் என்று ஒவ்வொரு வரியையும் நிதானமாக வாசித்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் எதிரே பச்சைக் குறி. முந்தைய உரிமையாளர் ஒருவரே, அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டியவர் என்றார். பிறகு காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, ‘முன்னாடி ரெண்டு டயரும் புத்தம் புதுசு டீச்சர், எங்க செலவுலயே மாத்திக் கொடுத்திருக்கோம், வேற யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க’ என்றார். நான் நம்பியது அந்த நிமிடத்தில்தான். விற்றால் போதும் என்று நினைப்பவர்கள் கைக்காசு போட்டு டயர் மாற்றுவார்களா என்று தயங்கி நின்ற என் கணவரிடம் நானே எடுத்துச் சொன்னேன். பின் டயர்கள் மட்டும் பழையவையாக இருந்தது எவருக்கும் உறுத்தியிருக்காது, ஏனென்றால் முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர் முதலில் தேய்வது எல்லோரும் அறிந்த விஷயம். கியர் பாக்ஸுக்கு 12 மாத உத்தரவாதம் என்று தனியாக ஒரு தாளும் கொடுத்தார். வண்டியை எடுத்த அன்று சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தவரும் அவரே.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, மலைப்பாதையில் பாதிக்கு மேல் ஏறிய பிறகு, ஒரு வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறியது, வண்டி ஏறவில்லை. பின்னோக்கி இறங்கத் தொடங்கியது. பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வண்டியை மெய்யனூர் பக்கம் உள்ள ஒரு பட்டறைக்கு இழுத்துவந்தோம். பட்டறைக்காரர் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேலை மட்டுமே செய்பவர். இந்த வகை வண்டிகள் பலவற்றில் கியர் பாக்ஸ் ஆயிலைப் பார்க்கும் குச்சி கிடையாது என்றும், வண்டியைத் தூக்கி அடியிலுள்ள திருகைக் கழற்றினால்தான் நிலவரம் தெரியும் என்றும், அதனால் வாங்க வருபவர் எவராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டுக் கழற்றினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில், கருகல் வாடையோடு வடிந்தது. அடித்தட்டில் இருந்த காந்தத்தில் உலோகத் தூள் சேறாக அப்பியிருந்தது. உடனே வேலையை நிறுத்திவிட்டு, விற்றவர்களை வரச்சொல்லி அவர்கள் முன்னிலையில் பிரிப்பதுதான் நல்லது என்றார். அவர்களுடைய தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் வந்தார், படங்கள் எடுத்தார், ஒன்றும் பேசாமல் போனார். போனவர் மறுநாள் தொலைபேசியில், ‘வேலையை முடிச்சிட்டு பில்லை அனுப்புங்க மேடம், பார்த்துத் தர்றோம்’ என்றார். இதே வாசகம் வாட்ஸ்அப்பிலும் வந்தது. அதை நம்பித்தான் நகையை அடகு வைத்து 1,46,000 ரூபாயைக் கட்டினேன்.

கியர் பாக்ஸைப் பிரித்தபோது பட்டறைக்காரர் விளக்கியதை எழுதுகிறேன், ஏனென்றால் வழக்கே இதில்தான் நிற்கிறது. முன்சக்கர வண்டியில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அதை இழுத்துவிட்டு, சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, முன் டயர் சுழன்று புகையும். சுழல மறுத்தால், சில பையன்கள் நியூட்ரலில் எஞ்சினை அலறவிட்டு, அப்படியே டி கியருக்குத் தள்ளுவார்களாம். அந்த அடியை உள்ளேயிருக்கும் கிளட்ச் பிளேட்டுகள், டிரைவ் ஷாஃப்ட், எஞ்சின் மவுண்டிங் மூன்றும் சேர்ந்து வாங்குகின்றன. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதிப்பவர்களும் உண்டு. சக்கரம் திரும்பாமல் எஞ்சின் மட்டும் முறுக்கேறும் அந்த நேரத்தில், அதன் சக்தி முழுவதும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயிலைச் சூடாக்குவதில்தான் போகிறது. இதேபோல இரண்டையும் மிதித்துப் பட்டறைகளில் முறைப்படி செய்யும் ஸ்டால் சோதனையைக்கூட 5 விநாடிக்கு மேல் நீட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் பல சொல்வது இதனால்தான். ஓடும் வண்டியில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும் வண்டிக்கு விசிறியை விட்டால் வேறு கதி இல்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. திருப்பங்களில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் பற்சக்கரத் தொகுதிக்கு டிஃபரென்ஷியல் என்று பெயர். சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள காரில், பெரும்பாலும் பிடிமானம் குறைந்த ஒரு சக்கரம்தான் வெறிகொண்டு சுழலும், மற்றது சும்மா நிற்கும். அந்த வேக வேறுபாடு முழுவதையும் நடுவிலுள்ள சிறிய பற்சக்கரங்கள் தாங்க வேண்டும். அவையோ திருப்பங்களில் மெதுவாகச் சுழல்வதற்காகச் செய்யப்பட்டவை. என் வண்டியில் அந்தப் பற்சக்கரங்களின் தண்டு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. வலப்பக்க முன் சக்கர வளைவின் உட்புற பிளாஸ்டிக்கில் உருகிய ரப்பர் தடித்து ஒட்டிக் காய்ந்திருந்தது. இடப்பக்கத்தில் அவ்வளவாக இல்லை. பின் டிரம்களைத் திறந்தால் பிரேக் ஷூக்கள் இழுபட்டு, வழவழத்துக் கருகியிருந்தன. கிளட்ச் பிளேட்டுகள், டார்க் கன்வெர்ட்டர், டிஃபரென்ஷியல், ஒரு டிரைவ் ஷாஃப்ட், மவுண்டிங், ஆயில், கூலி எல்லாம் சேர்த்துத்தான் 1,46,000 ரூபாய்.

பில்லை அனுப்பிய பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. புகார் எண் கொடுத்தார்கள். சில நாட்களில் ‘தீர்வு காணப்பட்டது’ என்று அதுவாகவே மூடிக்கொண்டது. மறுபடி திறக்கச் சொன்னால் புதிய எண். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் ஒவ்வொரு முறையும் வேறொரு குரல், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். முடிவில் எல்லோரும் மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகவே சொன்னார்கள். ‘டீச்சர்’ என்று அழைத்த இளைஞரை ஈரோட்டுக்கு மாற்றிவிட்டதாகத் தகவல். அவருடைய எண் இப்போது என் அழைப்பை ஏற்பதில்லை. கிளைக்கு நேரில் போனேன். மேலாளர் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ‘வீட்டுல பசங்க யாராவது ஓட்டியிருப்பாங்க மேடம்’ என்றார். எனக்கு ஒரே மகள், கோயம்புத்தூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அவளுக்கு உரிமமே கிடையாது. என் கணவர் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவர். இதைச் சொன்னபோது மேலாளர் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

அவர்களுடைய வாதத்தை அவர்களுடைய தாளை வைத்தே பார்ப்போம். சக்கர வளைவில் உருகிய ரப்பர் இருப்பதால் டயர் எரிக்கப்பட்டது உறுதி, அதை எரித்தது நான், ஆகவே உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள். நல்லது. நான் எரித்திருந்தால் எந்த டயரை எரித்திருப்பேன்? அவர்கள் மாட்டிக்கொடுத்த புதிய முன் டயர்களைத்தானே? அந்த டயர்கள் இன்னும் வண்டியில்தான் இருக்கின்றன. பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண், எந்த வாரம் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதைக் காட்டும். அவர்கள் கொடுத்த டயர் பில்லிலும் அதே எண்கள் இருக்கின்றன. பட்டறைக்காரர் அளந்து பார்த்தார்: பள்ளங்கள் ஏறத்தாழ முழு ஆழத்தில், இரண்டு பக்கமும் சமமாக இருக்கின்றன. அப்படியானால் வளைவில் ஒட்டியிருக்கும் ரப்பர் அதற்கு முன் இருந்த டயருடையது. அந்தப் பழைய டயர்களைக் கழற்றியவர்கள் யார்? ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்த டயரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, சக்கரம் கழன்றிருக்கும்போது நேர் எதிரே தெரியும் உட்புறத்தையும் பார்த்துவிட்டு, ‘சக்கர வளைவின் உட்புறம்: நன்று’ என்று பச்சைக் குறி போட்டவர்கள் யார்? விற்கும்போது கண்ணில் படாத ரப்பர், பணம் கேட்கும்போது மட்டும் புகைப்படத்தில் தெளிவாகத் தெரிகிறது. எனக்குச் சலுகை என்று காட்டிய புதிய டயர், குற்றத்தை மறைக்கப் போட்ட டயர்.

இதோடும் முடியவில்லை. கொண்டலாம்பட்டியிலிருக்கும் என் அக்கா மகன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, வண்டி எண்ணை வைத்து நண்பர்களிடம் விசாரித்து, சமூக ஊடகத்தில் இருந்த ஒரு காணொளியைத் தேடி எடுத்தான். மனை பிரித்து விற்காமல் கிடக்கும் ஒரு காலி இடம், என் கார், முன் எண் பலகை துல்லியமாகத் தெரிகிறது, வலது முன் டயரிலிருந்து புகை கிளம்ப, சுற்றி நிற்கும் பையன்கள் கூச்சலிடுகிறார்கள். பதிவேற்றிய நாள், அந்தத் தளம் காரை வாங்கிய தேதிக்கு முந்தையது. இதைப் பொதுச் சாலையில் செய்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்கீழ் ஆபத்தான ஓட்டுதல் என்று வழக்காவது பதிவாகியிருக்கும், நமக்கும் ஒரு சலான் கண்ணில் பட்டிருக்கும். காணொளியை அனுப்பினேன். வெளியாரின் பதிவுகளைத் தங்கள் நிறுவனம் ஆதாரமாகக் கருதுவதில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கூடவே, நல்லெண்ண அடிப்படையில், அவர்களிடமே அடுத்த சர்வீஸ் செய்துகொள்ள 5,000 ரூபாய்க் கூப்பன். 1,46,000 எங்கே, 5,000 எங்கே. அந்தக் கூப்பனுக்கு நான் பதில்கூட எழுதவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்யலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் 200 ரூபாய், வழக்கறிஞர் கட்டாயமில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ‘பில்லை அனுப்புங்க’ என்ற வரியையும், சோதனை அறிக்கையையும், டயர் பில்லையும், கழற்றிய பாகங்களையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பழைய ஆட்டோமேட்டிக் காரில் முன் டயர் மட்டும் புதிதாக இருந்தால், கழற்றிய டயர் எங்கே, படம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்துவிட்டு, கைபேசி விளக்கைப் பிடித்துச் சக்கர வளைவின் உள்ளே பாருங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி உங்கள் ஆள் கியர் பாக்ஸ் ஆயிலைப் பார்க்க ஒப்புக்கொள்ளாத இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்பது விதி. அதைக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத் தாளில் ‘தவறான பயன்பாடு’ என்ற வரி இருந்தால், தவறு யார் காலத்தில் நடந்தது என்பதை யார் நிரூபிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேலத்தில் இதே மாதிரித் தளத்தில் வாங்கி, இதே காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாராவது இருந்தால், உங்கள் சோதனை அறிக்கையோடு எனக்கு எழுதுங்கள். இந்த வாரத்துக்குள் மனுவைக் கொடுக்கப்போகிறேன்.