பிள்ளைக்குத் துணி மாற்ற இழுப்பறை அலமாரி: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

கைக்குழந்தைக்கு டயப்பர் மாற்றுவதற்கென்றே விற்கப்படும் தனி மேசையை வாங்கத் தேவையில்லை என்பதுதான் என் முடிவு. இடுப்பளவு உயரமும் நல்ல கனமும் உள்ள இழுப்பறை அலமாரி வீட்டில் இருந்தால், அதன் மேல், ஓரங்கள் உயர்ந்த மெத்தை ஒன்றைப் பொருத்தி, அலமாரியின் முதுகைச் சுவரோடு பிணைத்துக்கொண்டால் போதும். சுவரோடு பிணைக்க வழியில்லாத வீட்டில் தரையில் பாய் விரித்து மாற்றுவதே மேல்.

நான் பயன்படுத்தியது பாளையங்கோட்டையில் என் பிறந்த வீட்டில் வேட்டி, சேலை வைப்பதற்காக ஆசாரியிடம் சொல்லிச் செய்த தேக்கு அலமாரி. 33 அங்குல உயரம், 18 அங்குல ஆழம், நான்கு இழுப்பறைகள். சிசேரியன் முடிந்து வந்த நாட்களில் தரையில் உட்கார்ந்து எழுவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு முறையும் வயிற்றுத் தையல் இழுத்தது. நின்றபடி, முதுகை வளைக்காமல், முழங்கைக்குச் சற்றுக் கீழே பிள்ளை படுத்திருக்கும் உயரம் அந்த நேரத்தில் பெரிய உதவி. சிசேரியனில் பிரசவித்த பெண்ணுக்கும் மூட்டுவலி உள்ள தாய்க்கும் இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

மேலே வைத்த மெத்தையைக் கடையில் வாங்கினோம். நடுவில் குழிந்து, நீளவாட்டில் இரு ஓரங்களும் உயர்ந்து, வயிற்றுக்குக் குறுக்கே ஒரு வார்ப்பட்டையுடன் இருந்தது. மெருகேற்றிய தேக்குப் பலகையில் அது வழுக்கியது. பிள்ளை காலை உதைக்கும்போதெல்லாம் மெத்தை முழுவதும் ஓரத்தை நோக்கி நகர்ந்தது. இத்தகைய மெத்தைகளின் அடியில் அலமாரியின் முதுகோடு திருகாணி வைத்து இறுக்கும் பட்டை சிலவற்றில் வரும்; வாங்கும்போது அது இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் இருந்தது, அதை முடுக்கிய பிறகு நகர்வு நின்றது. வயிற்றுப்பட்டையை மட்டும் நம்பக் கூடாது. அது பிள்ளை நெளிவதைக் குறைக்கும், விழுவதைத் தடுக்காது. ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல் இருக்க வேண்டும் என்பதை மருத்துவரும் சொன்னார். எங்கள் ஆச்சி அதையே, “ஏட்டி, பிள்ளைய ஒசரத்துல கிடத்திட்டு அங்கன இங்கன திரும்பாத” என்று நாள்தோறும் வாசற்படியில் நின்று சொன்னார்.

இங்கேதான் சாதாரண அலமாரியின் உண்மையான குறை வெளிப்படுகிறது. துணி மாற்றும்போது நாம் அலமாரியை ஒட்டி நிற்கிறோம். மேல் இழுப்பறையைத் திறக்க வேண்டுமானால் ஓரடி பின்வாங்க வேண்டும், அப்படிப் பின்வாங்கினால் பிள்ளையின் மேல் வைத்த கை எட்டாது. தனி மேசையில் திறந்த தட்டுகள் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. எனவே இழுப்பறைகளைக் கிடங்காக மட்டும் வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தேவையான துணி, பஞ்சு, வெந்நீர்க் கிண்ணம், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் பிள்ளையின் தலைப்பக்கம் ஒரு தட்டில் வைத்தோம். கால்பக்கம் வைத்தால் ஒரே உதையில் எண்ணெய்க் கிண்ணம் தரைக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் உப்பி இழுப்பறை இறுகிக்கொள்ளும்போது ஒரு கையால் பலமாக இழுத்தால் மேற்பலகையே அதிரும். ஓடும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் எளிதாக ஓடுகிறது.

இடத்தைப் பற்றி ஒரு சொல்: நேரே மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். ஈரத்துணி அகற்றிய உடம்பில் காற்று பட்டதும் பிள்ளை வீறிடுகிறது.

சுவரோடு பிணைப்பதைப் பலரும் தேவையற்ற ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். தேக்கு கனம்தானே, எங்கே சாயப்போகிறது என்று என் அப்பாவும் கேட்டார்கள். ஆனால் துணி நிரம்பிய இழுப்பறைகள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் வெளியே வந்து நின்றால் எடை முழுவதும் முன்னுக்கு வந்துவிடுகிறது. அந்த நிலையில் ஒரு சிறுவன் அதில் கால் வைத்து ஏறினால் கனமே எதிரியாகிறது. அமெரிக்காவில் அலமாரி சாய்ந்து குழந்தைகள் உயிரிழந்ததை அடுத்து 2016இல் மரச்சாமான் விற்கும் ஐக்கியா நிறுவனம் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. 2022 டிசம்பரில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்து, 2023 செப்டம்பர் முதல் தயாராகி அங்கு விற்கப்படும் இழுப்பறை அலமாரிகள் சாயாமல் நிற்கின்றனவா என்று சோதிப்பது கட்டாயமாயிற்று. ஆசாரி செய்து தரும் அலமாரிக்கு அப்படிச் சோதனை ஏதும் கிடையாது. சுவரில் திருகும் இரும்பு ஆங்கிள்தான் நமக்குள்ள பாதுகாப்பு.

அதைப் பொருத்துவதில் எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. தரையோரமாகச் சுவரில் பதித்த டைல்ஸ் பட்டை அரை அங்குலம் துருத்திக்கொண்டிருப்பதால் அலமாரியின் அடி அதில் முட்டி, மேல்பகுதிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளிக்குச் சரியான தடிமனில் ஒரு மரச்சட்டத்தை வைத்த பிறகே ஆங்கிளை முடுக்க வேண்டும். ஆங்கிளின் மறுமுனையை முதுகிலுள்ள மெல்லிய பிளைவுட்டில் அடித்தால் பயனில்லை, மேற்சட்டத்தின் கட்டி மரத்தில் திருகாணி இறங்க வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் துளையிட்டால் காரை உதிர்ந்து பிடிமானம் கிடைக்காது. செங்கல் கிடைக்கும்வரை ஆழமாகத் துளைக்கச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்குவோர், மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு அலமாரியைத் தவிர்க்கலாம் என்பேன். ஈரம் படும் வேலைக்கு அது ஒத்துவராது; மூலையில் ஒருமுறை நீர் இறங்கினால் உப்பித் திருகாணி பிடிப்பை இழந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலியில் தாமிரபரணி பெருகிச் சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தபோது, உறவினர் வீட்டில் அத்தகைய அலமாரி உப்பி உதிர்ந்ததையும், அருகிலிருந்த பழைய மரப்பெட்டி காய்ந்ததும் பயன்பாட்டுக்கு வந்ததையும் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளை குப்புற விழத் தொடங்கியதும், பெரும்பாலும் நான்காம் மாத வாக்கில், இந்த ஏற்பாட்டின் பயன் குறைகிறது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் துணி மாற்றுவது அதன் பிறகு மல்லுக்கட்டுவதாகிவிடும். நாங்கள் மெத்தையைக் கழற்றித் தரையில் பத்தமடைப் பாயின் மேல் போட்டுக்கொண்டோம். அதற்குள் எனக்கும் உட்கார்ந்து எழ முடிந்தது. குறுகிய காலத்துக்கே பயன்படும் தனி மேசைக்குப் பணம் கொடுப்பதைவிட, பிறகும் துணி வைக்க நிற்கும் அலமாரி இலாபம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது அந்த அலமாரியில் மறுபடி அப்பாவின் வேட்டிகள் இருக்கின்றன. ஆங்கிளைக் கழற்றிவிட்டு அலமாரியை அடுத்த அறைக்கு மாற்றலாமா என்று அண்ணன் கேட்டான். எங்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள், ஆனால் அங்கும் சுவரில் திருகிவிடு என்று சொல்லியிருக்கிறேன். அவன் மகனுக்கு இப்போது எதைக் கண்டாலும் ஏறும் வயது.