காயத்துக்கு ஹைட்ரோஜெல்லா, காஸ் துணியா?

கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் கத்தி பட்டவர்களும் வெந்நீர் கொட்டிக்கொண்டவர்களும் கேட்கும் கேள்வி இது.

விலை: காஸ் மலிவு. புண்ணின் மேல் வைக்கும் நீர் நிறைந்த ஜெல் கட்டான ஹைட்ரோஜெல் பல மடங்கு அதிகம்.

பிரிக்கும்போது: காஸ் காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் புதிதாக வளர்ந்த இளஞ்சிவப்புத் தோலும் கூடவே உரிந்து வரும். யாருக்கும் அந்த வேதனை வேண்டாம். ஜெல்லில் பெரும்பகுதி நீர்; ஒட்டாமல் வழுக்கி வந்துவிடும்.

ஆறுவதும் தழும்பும்: ஜெல் புண்ணின் ஈரத்தைக் காக்கும். ஈரம் காத்த புண்ணில் புதுத்தோல் விரைவாக மூடும் என்பதை 1962இல் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் பன்றிகளிடம் சோதித்துக் காட்டினார். சீக்கிரம் மூடினால் தழும்பு தடிக்கும் வாய்ப்பு குறையும். அறவே வராது என்று நம்ப வேண்டாம்.

கசிவு: நீர் அதிகம் வடிந்தால் ஜெல் ஆகாது, சுற்றுத்தோல் ஊறி வெளுத்துவிடும்.

சிராய்ப்பு, சிறிய தீக்காயம், வறண்ட புண் என்றால் ஜெல்லுக்குச் செலவழிக்கலாம். ரத்தம் கசியும் வெட்டுக்கு காஸ்தான். சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.