கயிறா, காம்பஸா, தீயா, விளையாட்டா: புதிய சாரணர் அணிக்கு முதலில் எது?

புதிதாகப் பிள்ளைகள் சேரும்போதெல்லாம் சாரணர் படையில் இந்தக் கேள்வி வந்துவிடும். வாரத்தில் ஒருமுறைதான் கூடுகிறோம். கொடியேற்றம், வருகைப் பதிவு, அறிவிப்புகள் எல்லாம் போக ஒரு மணி நேரம் மிஞ்சினால் அதிகம். அதில் எதைத் தொடங்குவது? கயிற்று வேலையா, வரைபடமும் காம்பஸுமா, தீ மூட்டுவதா, இல்லை வெளியே ஓடியாடும் பெரிய விளையாட்டுகளா?

நான்கையும் நடத்திப் பார்த்திருக்கிறேன். நான்குமே நல்லவைதான். ஆனால் எது முதலில் என்று வரும்போது நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: பிள்ளை ஒரு தப்புச் செய்தால் அது எவ்வளவு சீக்கிரம் அந்தப் பிள்ளைக்கே தெரியவரும்? தெரிந்த பிறகு, யாருக்கும் பாதகமில்லாமல் மறுபடி செய்து பார்க்க முடியுமா?

இந்தக் கணக்கில் கயிறு வெகுதூரம் முந்திப் போய்விடுகிறது. ரீஃப் நாட் என்கிற எளிய முடிச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது முனை இடதின் மேல், அப்புறம் இடது முனை வலதின் மேல். இந்த வரிசை மாறிவிட்டால் இரண்டு முனைகளும் கயிற்றோடு ஒட்டிப் படுக்காமல் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும். நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதே இல்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி போட அரை நிமிடம். வீட்டில் ஷூ லேஸை வைத்துக்கூடப் பழகலாம். ஒன்றை மட்டும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன்: ரீஃப் நாட் காயத்துக்குக் கட்டுப் போடவும் மூட்டை கட்டவும்தான். ஆள் பாரம் தாங்குகிற இடத்தில் இரண்டு கயிறுகளை இணைக்க அதை நம்பவே கூடாது. மெல்லிய கயிற்றையும் தடித்த கயிற்றையும் சேர்ப்பதற்கு ஷீட் பெண்ட் என்ற முடிச்சு, அவிழாத கண்ணி வேண்டுமென்றால் போலைன் முடிச்சு.

முடிச்சோடு நிறுத்திவிட்டால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். சுவரில் முடிச்சுகளைத் தொங்கவிட்டுப் பெயர் கேட்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டாம் கூட்டத்திலேயே கழிகளைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு கழிகளைக் குறுக்காக வைத்துக் கட்டும் ஸ்கொயர் லேஷிங்குக்கு ஒரு 3 மீட்டர் கயிறு போதும். நிமிர்ந்த கழியில் குளோவ் ஹிட்ச் என்ற முடிச்சைப் போட்டுத் தொடங்கி, இரண்டு கழிகளையும் சேர்த்து மூன்று சுற்று. அப்புறம் கழிகளுக்கு நடுவே புகுந்து, சுற்றின கயிற்றையே நெருக்கிப் பிடிக்கிற மாதிரி இரண்டு சுற்று. இதைத்தான் ஃப்ராப்பிங் என்கிறோம். கடைசியில் குறுக்குக் கழியில் ஒரு குளோவ் ஹிட்ச். கட்டின் உயிர் அந்த இரண்டு ஃப்ராப்பிங் சுற்றுகளில்தான் இருக்கிறது. அவை தளர்ந்தால் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம்.

எங்கள் படையில் ஒரு சிறுமி, சேர்ந்து மூன்று வாரம் யாரோடும் பேசவில்லை. நான்காம் வாரம் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் கழியில் உதைத்துக்கொண்டு, கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். கயிறு கிறீச்சிட்டது. கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. பிறகு பக்கத்தில் அவள் அணித்தலைவன் போட்டிருந்த கட்டை ஆட்டினாள். அது லொடலொடவென்று ஆடியது. ஒரு வார்த்தை பேசாமல் அதை அவிழ்க்கத் தொடங்கினாள். அவனும் கோபித்துக்கொள்ளாமல் கழியைப் பிடித்துக்கொண்டான். ஆறு முதல் எட்டுப் பேர் உள்ள அணியில் யார் எந்த வேலைக்கு என்பது இப்படித் தானாக அமைந்துவிடும். கழி பிடிக்க இருவர், கட்ட இருவர், கயிறு எடுத்துத் தர ஒருவர் என்று எல்லாக் கைக்கும் வேலை இருக்கும்.

காம்பஸ் வேறு வகை. அதில் கிடைக்கிற மகிழ்ச்சி கயிற்றில் கிடைப்பதைவிடப் பெரியது என்றே சொல்வேன். புதருக்குப் பின்னால் மறைத்து வைத்த பெட்டியை வெறும் எண்ணையும் காலடியையும் வைத்துக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஆனால் அதில் தப்பு தாமதமாகத்தான் தெரியும். ஒரு பாகை பிசகினால் 1 கிலோமீட்டரில் 17 மீட்டர் தள்ளிப் போவோம். ஐந்து பாகை பிசகினால் 87 மீட்டர். அதைவிட மோசமானது முள்ளின் சிவப்பு முனைக்குப் பதிலாக மறுமுனையை வடக்குக் குறியோடு பொருத்திவிடுவது. ஒருமுறை ஓர் அணி முழுவதும் இப்படி நேர் எதிர்த்திசையில், ரொம்ப உற்சாகமாக, 20 நிமிடம் நடந்து போய்விட்டது. திரும்பி வந்தபோது காம்பஸ் பிடித்திருந்த பையன் அழுகிற நிலையில் இருந்தான். குறை அவனுடையது அல்ல. சிறிதாகப் பழக்காமல் நேரே பெரிய நடைக்கு அனுப்பிய என்னுடையது.

அதன் பிறகு முக்கோண நடையில்தான் தொடங்குகிறேன். காலடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு 40 பாகையில் 20 அடி வைத்து நடக்க வேண்டும், பிறகு 160 பாகையில் 20, பிறகு 280 பாகையில் 20. ஒவ்வொரு திருப்பத்திலும் 120 பாகை கூடுவதால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம். குனிந்தால் நாணயம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் எங்கே பிசகியது என்று யோசிக்க இரண்டு நிமிடம் போதும். இடுப்பில் கத்தி, பையில் கைப்பேசி, பக்கத்தில் இரும்பு வேலி, இவையெல்லாம் முள்ளை இழுக்கும் என்பதையும் இங்கேயே பிடித்துக்கொள்வார்கள். வரைபடம் அதற்கு அப்புறம்தான்: 1:25,000 அளவில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கிலோமீட்டர் என்ற கணக்கு, நடந்து பழகிய காலுக்குச் சட்டென்று புரியும்.

தீயைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தீயைச் சுற்றி இரண்டு பேருக்குத்தான் வேலை, மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கிற பிள்ளைதான் குச்சியால் கிளறும். தப்பு நடந்தால் அது மறுபடி செய்து பார்க்கிற தப்பாக இருக்காது. அதனால் அடுப்பு மூட்டுவதற்குமுன் இரண்டு கூட்டங்களைச் சுள்ளி பொறுக்குவதற்கே கொடுப்பேன்: தீக்குச்சிப் பருமனில் ஒரு குவியல், பென்சில் பருமனில் ஒன்று, கட்டைவிரல் பருமனில் ஒன்று. தீ பற்றாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் குவியல் போதாததும், நெருக்கி அடுக்கிக் காற்றை அடைத்துவிடுவதும்தான். அருகில் வாளித் தண்ணீர் இல்லாமல் தீப்பெட்டியைத் திறக்கவே விடமாட்டேன். அணைத்த பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். சூடு இருக்கும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது.

பெரிய விளையாட்டுகள், எதிரணியின் கொடியைப் பிடித்து வருவது போன்றவை, எந்தத் தயாரிப்பும் இல்லாமல் எல்லோரையும் ஓட வைக்கும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதிகம் என்றால் நான்கூட அங்கேதான் தொடங்குவேன். குறை என்னவென்றால், வேகமாக ஓடுகிற இரண்டு பேரே ஒவ்வொரு வாரமும் ஜெயிப்பார்கள். அதை ஈடுகட்டத் தடம் பின்தொடரும் விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லாலும் குச்சியாலும் அம்புக்குறி வைத்தால் 'இந்த வழி', பெருக்கல் குறி என்றால் 'இந்த வழி வேண்டாம்', வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் 'வீட்டுக்குப் போய்விட்டேன்'. இதில் ஓட்டக்காரனைவிடக் கண்ணும் பொறுமையும் உள்ள பிள்ளைதான் முன்னால் போகும். மழை நாளுக்குக் கிம் விளையாட்டு: தட்டில் 24 பொருள்கள், ஒரு நிமிடம் பார்வை, பிறகு துணியால் மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுவது.

1907 ஆகஸ்டில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமில் ஏறக்குறைய 20 சிறுவர்கள்தான் இருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் கலந்திருந்த அந்தக் கூட்டத்தை அவர் நான்கு அணிகளாகப் பிரித்து, நாளுக்கு ஒரு பொருள் என்று பயிற்சி கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கவில்லை. நாமும் அவசரப்பட வேண்டியதில்லை.

என் வரிசை இதுதான். முதல் ஐந்து வாரம் கயிறும் கழியும், ஒவ்வொரு கூட்டத்தின் கடைசிக் கால் மணி நேரம் விளையாட்டு. அப்புறம் நான்கு வாரம் காம்பஸ், முக்கோண நடையிலிருந்து வரைபடம் வரை. தீ கடைசியில், முகாமுக்கு மூன்று வாரம் இருக்கும்போது. அதற்குள் தண்ணீர் வாளியைத் தொங்கவிட அவர்களே மூன்று கழிகளைச் சேர்த்து ஒரு முக்காலி கட்டியிருப்பார்கள்.