64 கிராம் 800 மில்லி: செவ்வாய்ப்பேட்டையில் படிக்க முடிந்த ஒரு ரசீது

சேலத்துக்காரர்களுக்குக் கொலுசு வாங்குவது பெரிய காரியமில்லை. சிவதாபுரம், பள்ளப்பட்டிப் பக்கம் பட்டறைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வெள்ளியின் தரத்தைப் பற்றி ஓரளவு தெரியும். ஆனால் ரசீதைப் படிக்கத்தான் தெரியாது. தங்கை மகளுக்காகச் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள சிறிய கடை ஒன்றில் கொலுசு வாங்கியபோது, என் அம்மா முதன்முறையாக ரசீதைக் கையில் வாங்கித் தானே கணக்குப் பார்த்தார். கொலுசும் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நான் எழுத வந்தது அந்த ரசீதைப் பற்றி.

நகைக்கடை ரசீதில் எடை மூன்று தசம இடங்களுடனும், ரூபாய் இரண்டு தசம இடங்களுடனும் அடுத்தடுத்து வருவதால், 64.800 என்பதை அறுபத்து நான்காயிரத்து எண்ணூறு என்று படித்துப் பதறுபவர்கள் உண்டு. இந்தக் கடையில் தட்டார்கள் பேசுகிறபடியே ‘64 கிராம் 800 மில்லி’ என்று அச்சடிக்கிறார்கள். சேதாரத்தையும் வெறும் 8 சதவீதம் என்று விட்டுவிடாமல், கொலுசின் எடை 60 கிராம், அதற்குச் சேதாரம் 4 கிராம் 800 மில்லி, இரண்டும் சேர்ந்ததை அன்றைய விலையான கிராம் 110 ரூபாயால் பெருக்கினால் 7,128 ரூபாய் என்று ஒவ்வொரு படியையும் காட்டியிருந்தார்கள். செய்கூலி 300 ரூபாயைச் சேர்த்த 7,428 ரூபாய்க்கு மத்திய, மாநில ஜி.எஸ்.டி. தலா 1.5 சதவீதம், அதாவது 111.42 ரூபாய் வீதம் இரண்டு வரிகள். ஆக மொத்தம் 7,650.84.

நாங்கள் மாற்றக் கொடுத்த பழைய வெள்ளியைக் கழித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பு வேறொரு கடையில் ‘பழையது கழிவு’ என்று ஒரே தொகையைப் போட்டுக் கொடுத்தார்கள். எத்தனை கிராம், என்ன டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி) என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்பதே பதிலாக வந்தது. இங்கே 25 கிராம் 500 மில்லி, 70 டச், ஆகவே சுத்த வெள்ளி 17 கிராம் 850 மில்லி, அதன் மதிப்பு 1,963.50 என்று எழுதி, புதிய கொலுசின் முழு விலைக்கும் வரி போட்ட பிறகே அதைக் கழித்திருந்தார்கள். கழிவு வரிக்கு முன்பா பின்பா என்று வாங்குபவர் குழம்பும் இடம் அதுதான். மீதி 5,687.34 ரூபாயில் 34 பைசாவைத் தள்ளியதைக்கூடத் தனியாகக் குறித்திருந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. வரி விவரங்கள் மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் பொடி எழுத்தில் இருக்கின்றன. இவ்வளவு கவனமாகப் போட்ட கணக்கை, வெயில் பட்டால் வெளுத்துப்போகும் தெர்மல் தாளில் அச்சிட்டிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை; கொலுசை மாற்றப் போகும் நாளில் அந்த ரசீதைத்தானே முதலில் கேட்பார்கள்? வீட்டுக்குப் போகும் வழியிலேயே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டேன்.