சஸ்பென்ஷன் டியூனிங் என்று மூன்று மாதச் சம்பளத்தை இழந்தேன்: வண்டியை விடுமுன் இதைப் படியுங்கள்

நேற்று மாலைதான் முழு விவரமும் தெரிந்தது; ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என்னுடையது முன்சக்கரங்களால் ஓடும் டர்போ வண்டி. இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாகப் பிடுங்கும். அதைச் சரிசெய்யவே, சஸ்பென்ஷன் வேலையில் கைதேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

நான் விழுந்த இடம் எனக்கே தெரியும். உரிமையாளர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) பின்புற புஷ்ஷை (இணைப்பில் உள்ள ரப்பர் உறை) நெம்பி, ரப்பரில் இருந்த வெடிப்பு விரிவதை டார்ச் அடித்துக் காட்டினார். "டார்க் ஏறும்போது ஆர்ம் நகருது, டோ மாறுது, அதான் சார் இழுக்குது" என்றார். டார்க் என்பது இன்ஜினின் முறுக்குவிசை; டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. இழுப்புக்கு அவர் தந்த விளக்கம் சரியானதுதான்; அதனாலேயே அவர் சொன்ன மற்றவற்றையும் நம்பி, புது புஷ், உயரம் குறைந்த ஸ்பிரிங், சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் 20 மில்லிமீட்டர் ஸ்பேசர், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் முழு அலைன்மென்ட் என எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகவே கொடுத்தேன்.

திரும்பி வந்த வண்டி முன்பைவிட மோசமாக இழுத்தது. முதலில் "ஸ்பிரிங் படியணும், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். அடுத்து டயர்மேல் பழி போட்டார்கள். கடைசியில், இவ்வளவு டார்க் உள்ள வண்டி இழுக்கத்தான் செய்யும் என்றார்கள். இழுக்கிறது என்றுதானே வந்தேன்! இப்போது போனையே எடுப்பதில்லை.

நேற்று வேறொரு மெக்கானிக் பார்த்தார். டோவைச் சரிசெய்யத் தளர்த்த வேண்டிய டை ராட் லாக் நட்டின் மேல் பழைய சேறு காய்ந்து கிடந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. வண்டியைத் தாழ்த்தினால் டோவும் கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) மாறிவிடும் என்பது தெரிந்தும் முதல் கடைக்காரர்கள் அலைன்மென்ட்டைத் தொடவே இல்லை. எனக்குக் கொடுத்த அலைன்மென்ட் தாளில் மட்டும் எல்லா எண்களும் சரி என்று பச்சை நிறத்தில். முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் ரம்பம்போல் தேய்ந்திருந்தன. புது புஷ்களின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே முறுக்கிவிட்டதால், தரையில் இறங்கியதும் ரப்பர் திருகிக் கிழியத் தொடங்கியிருக்கிறது. ஸ்பேசரோ சக்கரத்தை ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து வெளியே தள்ளி, இழுப்பைக் கூட்டியிருக்கிறது.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. லாக் நட்டில் பெயின்ட் கோடு போட்டுப் படம் எடுத்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்; நட்டைத் திருப்பினார்களா என்று பிறகு தெரியும். அலைன்மென்ட் நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இழுப்புக்கு ஸ்பேசரை மருந்தாகச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எனக்கு மூன்று மாதச் சம்பளம் போய், இப்போது இரண்டு டயரும் வாங்க வேண்டும்.