லேசிக்கா, பி.ஆர்.கே.யா?

கிட்டப்பார்வைக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்ள முடிவெடுத்தவருக்கு அடுத்து எழும் கேள்வி, எந்த முறை என்பதே. லேசிக், பி.ஆர்.கே. ஆகிய இரண்டு முறைகளிலும், கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியின் வளைவை மாற்றுவது எக்சைமர் என்னும் புற ஊதா லேசர்தான். அந்த இடத்தை அடையும் வழி மட்டுமே வேறு.

லேசிக்கில் கருவிழியின் மேற்புறத்தில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, லேசரைச் செலுத்தியபின் தையலின்றி மூடிவிடுகிறார்கள். சில மணி நேரம் கண் உறுத்தும், நீர் வடியும். பெரும்பாலோர் மறுநாளே கண்ணாடியில்லாமல் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்துவிடுவார்கள். பி.ஆர்.கே.யில் மடல் கிடையாது. மேலடுக்குச் செல்களை நீக்கிவிட்டு, அவை மீண்டும் வளரும்வரை நான்கைந்து நாட்களுக்குப் பாதுகாப்பு லென்ஸ் பொருத்துகிறார்கள். அந்நாட்களில் வலியும் கூச்சமும் நன்றாகவே இருக்கும். பார்வை முழுமையாகத் தெளியச் சில வாரங்களாவது ஆகும். விடுப்பு கிடைக்காதவர்களுக்கு இது சிரமம்தான்.

ஆயினும், கருவிழி மெலிந்தவர்களுக்கும், கபடி, குத்துச்சண்டை என்று கண்ணில் அடிபட வாய்ப்புள்ள விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கும் பி.ஆர்.கே.யே ஏற்றது என்பது என் கருத்து. மடலே இல்லாதபோது அது இடம்பெயரும் அச்சமும் இல்லை. கண் வறட்சி இரண்டிலும் வரக்கூடும் என்றாலும், மடல் வெட்டும்போது நரம்பிழைகள் அறுபடுவதால் லேசிக்கில் சற்றுக் கூடுதல். இரவில் எதிர்வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் உண்டு.

18 வயது நிறையாதவர்கள், ஓராண்டாகக் கண்ணாடியின் பவர் நிலைக்காதவர்கள், கருவிழி கூம்பும் நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு இரண்டுமே பொருந்தாது. நாற்பதை நெருங்குவோருக்கு, எந்த முறையானாலும், வெள்ளெழுத்துக்கான கண்ணாடி பின்னர் தேவைப்படும்.